நாயோடு பப்பில் ஓர் இரவு தங்குவது எப்படி

எங்கள் கருப்பன் லாப்ரடார், ஏழு வயது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பகுதிப் பக்கம் போகும்போதெல்லாம் அவனும் வருவான், கிராமத்து பப் ஒன்றில் தங்குவோம். கீழே பார், சாப்பாடு, மேலே நாலைந்து அறைகள்.

'நாய்களுக்கு அனுமதி உண்டு' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். சில இடங்களில் பாரில் உட்காரலாம், சாப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்கள். சில இடங்களில் கீழே எங்கும் சரி, ஆனால் ஒன்றிரண்டு அறைகளில்தான் நாயோடு தங்கலாம். ஒருமுறை கேட்காமல் போனோம். பாரில் இடமே இல்லை. நான் உள்ளே சாப்பிட, கணவர் மழையில் காருக்குள் கருப்பனோடு; அப்புறம் ஆள் மாறினோம். அதனால் போன் செய்து கேளுங்கள்: நாயோடு எங்கே சாப்பிடலாம், காலை உணவுக்கும் அதே இடமா, நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டா, அறையில் தனியே விடலாமா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'கூடாது' என்பார்கள். சரிதான். புது இடத்தில் தனியாக விட்டால் குரைத்தே ஓய்ந்துபோகும், பாவம்.

எனக்குப் பிடித்தது டான் ஹில் இன். கடல்மட்டத்திலிருந்து 528 மீட்டர், பிரிட்டனிலேயே மிக உயரத்தில் இருக்கும் பப். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது, பாட்டுக் கேட்க வந்தவர்கள் பனியில் மாட்டிக்கொண்டு மூன்று இரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. குளிர்காலத்தில் போனால் நாய்த் தீனி இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் ஆடுகள். இப்படி யாரும் நடக்கலாம் என்று திறந்துவிடப்பட்ட மேட்டு நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நாயை நடத்த வேண்டும். ஆடு பக்கத்தில் இருந்தால் எந்த மாதமும் அப்படித்தான். எவ்வளவு சாதுவான நாயானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடந்துவிட்டு வந்ததும் வாசலிலேயே துடையுங்கள். காரில் இரண்டு பழைய துண்டு வேண்டும்: ஒன்று வயிற்றுக்கும் காலுக்கும், மற்றது விரலிடுக்குச் சேற்றுக்கு.

உள்ளே போனதும் சாப்பாடு சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் நாயை உட்கார வையுங்கள். சமையலறைக் கதவுக்கும் நடைவழிக்கும் தள்ளி மூலை மேசை. அடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வை. அந்த வாசனைதான் அதற்கு வீடு. கருப்பன் இரண்டு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு, மூக்கை என் செருப்பின் மேல் வைப்பான். அதற்கப்புறம்தான் நான் எழுந்திருப்பேன். கயிற்றை மேசைக் காலில் கட்டாதீர்கள். இன்னொரு நாய் உள்ளே வந்தால் மேசையோடு கிளம்பிவிடும். உங்கள் தொடைக்கடியில் போட்டு உட்காருங்கள்.

பல பப்புகளில் பாருக்குப் போய்த்தான் சாப்பாடு சொல்ல வேண்டும். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே சமையலறையை மூடிவிடுவார்கள், நேரம் கேட்டு வையுங்கள். ஞாயிறு ரோஸ்ட்டில் ஒரு துண்டு இறைச்சி கொடுக்கலாம், கிரேவி வேண்டாம். அதில் வெங்காயம் இருக்கும், நாய்க்கு ஆகாது. உலர்திராட்சை போட்ட புட்டிங்கும் அப்படியே.

அறையில் கட்டில்மேல் விரிக்க ஒரு பழைய போர்வை போதும். படுக்கப் போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: விடியற்காலையில் நாயை வெளியே கூட்டிப் போக எந்தக் கதவு திறந்திருக்கும்?