மரபிசை ஆல்பத்தைக் குடும்பமாகப் பதிவு செய்வோருக்கு ஒரு குறிப்பு

வீட்டில் சேர்ந்து பாடிப் பழகிய குடும்பம் மரபிசை ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்யும்போது, ஒவ்வொருவரையும் தனித்தனியே ஹெட்போனுடன் பாடவைத்துப் பின்னர் இணைப்பதைவிட, எல்லோரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பாடுவதே சிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற மரபிசைக் குழுவான கார்ட்டர் குடும்பத்தினர் 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் தங்கள் முதல் பாடல்களைப் பதிவு செய்தபோது, தனித்தனியே பதிந்து இணைக்கும் முறை அன்று நடைமுறையில் இல்லாததால், அவர்களுக்குச் சேர்ந்து பாடுவதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை.

குரல்களுக்கு ஒரே மைக் போதும். ஓங்கிய குரல் உடையவர் சற்றுப் பின்னால் நின்றாலே சமநிலை பெரும்பாலும் வந்துவிடும். கிட்டார், பாஞ்சோ, ஃபிடில் ஆகியவற்றுக்குத் தனி மைக்குகள் வைப்பதாயின், மைக்குக்கும் அதன் கருவிக்கும் உள்ள தொலைவைப் போல் குறைந்தது 3 மடங்கு இடைவெளி இரு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். இல்லையெனில் ஒரே ஒலி இரண்டிலும் சற்று முன்பின்னாகப் பதிந்து, கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிக்க, இசை மெலிந்துவிடும். எல்லா மைக்குகளிலும் எல்லோருடைய ஒலியும் கொஞ்சம் கசிவதால், தவறிய ஒரு வரியை மட்டும் பின்னர் திருத்துவது கடினம். ஆகவே ஒவ்வொரு பாடலையும் 3 முறையாவது முழுமையாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் சுருதியைச் சரிபாருங்கள். வீட்டின் மூத்தவர் பாடும் பாடல்களை, அவர் குரல் களைப்படையும் முன், முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.