டோக்கன் கொடுப்பதற்கு முன்: மனை வாங்குவோர் செய்யும் தவறுகள்

சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோ, கடை வருமானத்தில் சேர்த்ததோ, தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் முதல் பெரிய சேமிப்பு பெரும்பாலும் ஒரு மனையில்தான் போய் நிற்கிறது. அதில் வரும் சிக்கல்களில் பல ஒரே இடத்தில் தொடங்குகின்றன: பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைப் பிறகு படிப்பது.

"இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க சார்" என்று புரோக்கர் சொல்வார். முன்பணமாக ஒரு லட்சம் கை மாறிய பிறகு, வக்கீல் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினாலும் மனம் அதைக் கேட்காது. கொடுத்த பணம் போய்விடுமோ என்ற பயத்தில் குறையோடு வாங்கிவிடுகிறோம். ஆகவே தாய்ப்பத்திர (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) நகல், வில்லங்கச் சான்று (ஈசி), பட்டா மூன்றையும் ஒரு வக்கீல் பார்த்து எழுத்தில் கருத்து சொல்லும் வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்த மனை கைவிட்டுப் போனால் போகட்டும்.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்புவது அடுத்த தவறு. "ஈசி கிளியரா இருக்கு" என்றால் போதும் என்று நினைக்கிறோம். பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலத்தில் குடியிருப்பவரின் உரிமை எதுவும் அதில் தெரியாது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தாலும் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான ஊர்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரம் இலவசமாகக் கிடைக்கிறது. பார்க்கும்போது புதிய உட்பிரிவு எண்ணோடு நிறுத்தாமல், பிரிக்கப்படுவதற்கு முந்தைய சர்வே எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பழைய அடமானம் அங்கே ஒளிந்திருக்கலாம்.

பட்டாவுக்கும் இதே கதிதான். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமையை நிலைநாட்டுவது பத்திரத் தொடர்ச்சி. பட்டா ஒருவர் பெயரில், பத்திரம் வேறொருவர் பெயரில் இருந்தால், ஏன் என்று புரியும் வரை நகராதீர்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது வாரிசு விஷயத்தில். அண்ணன் தம்பிகள் மூவரும் கையெழுத்துப் போடத் தயார், "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்பார்கள். சீர் செய்ததால் சட்டப்படி அவர் பங்கு தீர்ந்துவிடாது. இந்துக் குடும்பங்களில், அப்பா தானே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்பது 1956 முதலே சட்டம். பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-ல் மகளுக்குப் பங்கு கொடுத்தது. அப்போது ஏற்கெனவே மணமாகியிருந்தவர்கள் விடுபட்டிருந்தார்கள். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. எனவே வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் (விற்பனைப்) பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் வாரிசின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றித் தாய் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை வயதுக்கு வந்ததும் விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம். பிறந்த வீட்டில் கேட்கத் தயங்கிய பெண்ணின் உரிமையை மறைத்து வாங்கிய மண், வாங்கியவருக்கும் நிம்மதி தராது.

பவர் (உரிமையாளர் தன் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவரிடம் வாங்குகிறீர்களா? சாதாரண பவர், கொடுத்தவர் இறந்தவுடன் செல்லாது. அவர் உயிரோடு இருப்பதையும் பவர் ரத்தாகவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். முடிந்தால் நேரில் பேசுங்கள். கிரயமே வேண்டாம், பவரும் ஒப்பந்தமும் போதும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிச் சொத்து மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லும் பலரை வீழ்த்தியிருக்கிறது. ஊராட்சித் தலைவர் தானாக லேஅவுட்டுக்கு அனுமதி தர முடியாது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகாத அங்கீகாரமற்ற மனையை இப்போது பதிவு செய்ய இயலாது. அதனால் சிலர் அதையே விவசாய நிலம் என்று சென்ட் கணக்கில் எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே வீட்டு வரைபட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைப்பது கடினம்.

பணத்துக்கு வருவோம். வழிகாட்டி மதிப்புக்கு (அரசு நிர்ணயித்த மதிப்புக்கு) மட்டும் பத்திரம், மீதி ரொக்கம் என்ற வழக்கம் விற்பவருக்குத்தான் வசதி. பேரம் முறிந்தால் ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை. பத்திரத்தில் குறைவான தொகை இருப்பதால் வங்கிக் கடன் குறையும். பின்னாளில் நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். சொத்துக்காக ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆவதையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள். ரூ. 20 லட்சம் என்றால் அதுவே ரூ. 1.80 லட்சம். கடைசி நேரத்தில் இதற்காக நகையை அடகு வைப்பவர்கள் நிறையப் பேர்.

கடை நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணத்தை மனையில் போடாதீர்கள். காலி மனைக்கு வாடகை வராது, அவசரத்துக்கு ஒரே வாரத்தில் விற்கவும் முடியாது. பண்டிகைச் சீசனில் சரக்கு எடுக்கக் கந்துவட்டிக்கு ஓடினால், மனை விலை ஏறியதெல்லாம் வட்டியாகவே கரைந்துபோகும். ஆறு மாதச் செலவும் சரக்குப் பணமும் தனியே நின்ற பிறகு மிஞ்சுவதுதான் மண்ணுக்கு.

பதிவு முடிந்ததும் சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள்; பட்டாவை உடனே மாற்றுங்கள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால் ஆண்டுக்கொரு முறை யாரையாவது அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள், கூடவே வில்லங்கத்தையும் பாருங்கள். வேறொருவர் உங்கள் உரிமையை மறுத்து 12 ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்துவிட்டால், மீட்கும் உரிமையே போய்விடக்கூடும்.