வீட்டு ரவுட்டருக்குப் பின்னால விபிஎன் சிக்கிக்கிச்சா? ஒவ்வொண்ணா பாத்து சரி பண்ற விதம்

நம்ம இலங்கையில விபிஎன்னு சொன்னாலே நெறைய பேருக்கு ஞாபகம் வர்றது 2018 மார்ச்லயும் 2019 ஏப்ரல்லயும் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் புளொக் பண்ணப்போ பிளேஸ்டோர்ல கெடச்ச எதையோ ஒண்ண எறக்கி ஓட்டினதுதான், 2022 ஏப்ரல்லயும் அதே கதைதான். இங்க சொல்லப்போறது அந்த விபிஎன் இல்ல. இப்ப ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு எங்க பாத்தாலும் வீட்டுல இருந்துக்கிட்டே கொழும்பு கம்பனிக்கோ வெளிநாட்டுக் கம்பனிக்கோ வேல செய்ற புள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்கு ஒஃபிஸ்ல ஒரு விபிஎன் (வீட்டுல இருந்தே ஒஃபிஸ் நெட்வேர்க்குக்குள்ள போற மூடின வழி) போட்டுக் குடுத்திருப்பாங்க, அங்க வச்சு பாக்குறப்போ நல்லாத்தான் இருக்கும், ஊருக்கு வந்து வீட்டு வைஃபையில போட்டா சுத்திக்கிட்டே நிக்கும். அதுக்குத்தான் இது.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன், ரவுட்டருக்குப் பின்னால இருக்கிற குட்டி ஓட்டையில ஊசிய விட்டு ரீசெட் பண்ணாதீங்க. ஃபைபர் ரவுட்டர்னா உள்ள போட்டு வச்ச யூசர் நேம் பாஸ்வேர்ட் போயிரும், சில 4ஜி ரவுட்டர்ல ஏபிஎன் (சிம் நெட்டோட சேர்றதுக்குப் போடுற பேர்) செட்டிங் போயிரும், அப்புறம் விபிஎன் மட்டுமில்ல, வீட்டுல யாருக்குமே நெட் இல்ல, அம்மா நாடகம் பாக்க முடியலன்னு உங்களத்தான் திட்டுவாங்க. விபிஎன் அப்பை அழிச்சு அழிச்சு திரும்ப போடுறதும் வேணாம். எங்க தடங்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் முக்கால்வாசி வேல.

படி 1: போன் ஹொட்ஸ்பொட்ல போட்டுப் பாருங்க

லெப்டொப்ப வீட்டு வைஃபையில இருந்து கழட்டி போன் ஹொட்ஸ்பொட்ல மாட்டுங்க, விபிஎன் போடுங்க. கனெக்ட் ஆனா உங்க லெப்டொப்பும் சரி, பாஸ்வேர்டும் சரி, ஒஃபிஸ் சர்வரும் சரி, குத்தம் வீட்டு ரவுட்டர்லயோ அந்த லைன்லயோதான். அங்கயும் ஆகலன்னா ரவுட்டரத் தொடவே வேணாம், படி 2ஐ மட்டும் பாத்துட்டு ஒஃபிஸ் ஐடி ஆளுக்கு கோல் எடுங்க. ஒரு விஷயம், வீட்டுல இருக்கிறதும் 4ஜி ரவுட்டர்தான்னா அதே கம்பனி சிம்ல டெஸ்ட் பண்ணி பெருசா பிரயோசனம் இல்ல, ரெண்டும் ஒரே நெட்வேர்க் வழியாத்தான் போகும், வேற கம்பனி சிம் ஒண்ணு யார்கிட்டயாவது வாங்கிப் பாருங்க.

படி 2: சின்ன விஷயங்கள்

லெப்டொப்ல தேதி, நேரம் சரியா? சிரிக்காதீங்க. பழைய கொம்பியூட்டர்ல உள்ள இருக்கிற குட்டி பெட்டரி செத்துப்போச்சுன்னா கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால போய் நிக்கும், சர்டிஃபிக்கேட் (சர்வரோட அடையாளச் சீட்டு) பாக்குற விபிஎன் எல்லாம் அந்தத் தேதிய வச்சுத்தான் பாக்கும், உடனே செல்லாதுன்னு சொல்லிரும்.

அடுத்து டேட்டா. வாட்ஸ்அப் ஃபேஸ்புக்குக்கு மட்டும்னு இருக்கிற பேக்கேஜ்ல விபிஎன் போகாது, ஏன்னா உள்ள என்ன போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது, எல்லாத்தையும் சாதாரண டேட்டாவுலதான் கழிப்பாங்க. அது முடிஞ்சிருந்தா ரீலோட் போட்டுட்டு வாங்க.

படி 3: எப்படி வேல செய்யாம இருக்குன்னு பாருங்க

"விபிஎன் வேல செய்யல"ன்னு சொன்னா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. கனெக்ட்டே ஆகலயா, கனெக்ட் ஆகியும் ஒண்ணும் தொறக்கலயா, இல்ல நல்லா போய்க்கிட்டிருந்து நடுவுல அறுந்துபோகுதா? மூணுக்கும் மருந்து வேற வேற.

இதுல வயர்காட்ங்கிற விபிஎன் பாவிக்கிறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு, அதுல ஒன் பண்ணின உடனே எக்டிவ்னு பச்சை காட்டிரும், சர்வரத் தொட்டுச்சா இல்லையாங்கிறதுக்கும் அந்தப் பச்சைக்கும் சம்பந்தமே இல்ல. கீழ ஹேண்ட்ஷேக் (சர்வரோட கைகுலுக்கினது) எப்ப நடந்துச்சுன்னு ஒரு வரி வருதா, ரிசீவ்ட்ங்கிற எடத்துல நம்பர் ஏறுதான்னு பாருங்க, அனுப்பினது மட்டும் ஏறி வாங்கினது 0ன்னே நின்னா அது கனெக்ட் ஆகாத கேஸ்.

கனெக்ட்டே ஆகலன்னா

ரவுட்டர் என்ன செய்யுதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டா லேசு. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கிறவங்களுக்கு தனி அட்ரஸ் இல்லாம தோட்டத்து பேர்லயே கடுதாசி வந்து, தொரை ஒஃபிஸ்ல இருந்து யாருக்குன்னு பாத்து குடுத்து விடுவாங்கல்ல, ரவுட்டர் செய்ற நேட்ங்கிறது அதேதான். வீட்டுல இருக்கிற எல்லா போனுக்கும் லெப்டொப்புக்கும் வெளிய ஒரே அட்ரஸ், உள்ள இருந்து யார் எதுக்கு கேட்டாங்கன்னு ரவுட்டர் ஒரு கணக்கு வச்சிருக்கும், பதில் வந்ததும் அந்தக் கணக்கப் பாத்து உள்ள அனுப்பும். கணக்குல இல்லாத பெக்கெட் (டேட்டாத் துண்டு) வந்தா தூக்கிப் போட்டுரும்.

அந்தக் கணக்க போர்ட் நம்பர (எந்த வேலைக்குன்னு காட்டுற கதவு நம்பர்) வச்சுத்தான் எழுதும். யுடிபி, டிசிபிங்கிறது பெக்கெட் அனுப்புற ரெண்டு விதம், கீழ வர்ற மத்த பேரெல்லாம் விபிஎன் வகைங்க. வயர்காட் வழக்கமா யுடிபி 51820, ஓப்பன்விபிஎன் யுடிபி 1194, ஐகேஇவி2ன்னா யுடிபி 500ம் 4500ம். இதெல்லாம் நேட் வழியா ஒழுங்கா போகக்கூடியதுதான். பழைய பிபிடிபி மட்டும் டிசிபி 1723 கூட ஜிஆர்இன்னு வேற வித பெக்கெட்டையும் சேத்து அனுப்பும், ஜிஆர்இக்கு போர்ட் நம்பரே கெடையாது, அதனால ரவுட்டர் முழிக்கும். உங்க கம்பனி இன்னும் பிபிடிபி குடுத்தா ரவுட்டர நோண்டாம கம்பனியத்தான் மாத்தச் சொல்லணும், அது பாதுகாப்பே இல்லாதது, ஐபோன்ல 2016லயே தூக்கிட்டாங்க.

இப்ப ரவுட்டருக்குள்ள போங்க. பிரவுசர்ல 192.168.1.1 இல்லாட்டி 192.168.8.1, ரவுட்டர் அடியில ஸ்டிக்கர்ல எழுதியிருக்கும், பாஸ்வேர்டும் அதுலயேதான். செக்கியூரிட்டி பக்கத்துல ஃபயர்வோல் லெவல் ஹைன்னு இருந்தா மீடியமாக்குங்க, விபிஎன் பாஸ்த்ரூன்னோ ஏஎல்ஜின்னோ (விபிஎன்ன வழி விடுற செட்டிங்) இருக்கிறதுல ஐபிசெக், எல்2டிபிங்கிற விபிஎன் வகைங்க ஒன்ல இருக்கான்னு பாருங்க, ஏற்கனவே ஒன்ல இருந்தும் கனெக்ட் ஆகலன்னா ஒருதடவ ஒஃப் பண்ணிட்டும் பாருங்க, சில ரவுட்டர் உதவி பண்றேன்னு வந்து கெடுத்து வைக்கும். யூடியூப்ல சொல்றாங்கன்னு டிஎம்இசட் (வெளிய இருந்து வர்றத எல்லாம் ஒரு மெஷினுக்கு விடுறது) மட்டும் போட்டுராதீங்க, வெளிய போற விபிஎன்னுக்கு அது தேவையே இல்ல, உங்க லெப்டொப்ப ஊருக்கே தொறந்து வச்ச மாதிரி ஆயிரும்.

விண்டோஸ்ல எல்2டிபி போட்டு 809ன்னு எரர் வந்தா பெரும்பாலும் நடுவுல 500, 4500 தடங்குதுன்னு அர்த்தம். அண்ணனும் தங்கச்சியும் ஒரே கம்பனி, ஒரே வீடு, ஒரே எல்2டிபி சர்வர்னா ஒருத்தர் கனெக்ட் ஆனதும் மத்தவர் விழுந்துருவாங்க, இது அடிக்கடி நடக்குறது, ஒருத்தர ஹொட்ஸ்பொட்ல போடச் சொல்லிப் பாத்தா தெரிஞ்சிரும். லைன்லயே யுடிபி தடங்குதுன்னா ஐடி ஆள்கிட்ட டிசிபி 443ல ஓப்பன்விபிஎன் குடுக்க முடியுமான்னு கேளுங்க, கொஞ்சம் ஸ்லோவா இருக்கும் ஆனா சாதாரண வெப்சைட் போற அதே போர்ட்ங்கிறதால பெரும்பாலும் போயிரும்.

கனெக்ட் ஆகியும் ஒண்ணும் தொறக்கலன்னா

கொட்டகலையில தெரிஞ்ச தங்கச்சி ஒண்ணு, கொழும்பு கம்பனி ஒண்ணுக்கு கணக்கு வேல பாக்குது. "அண்ணே, கனெக்டட்னு காட்டுது, ஒஃபிஸ் ஃபோல்டர் மட்டும் தொறக்க மாட்டேங்குது, ஐடி ஆளு எல்லாம் சரியா இருக்குங்கறாரு." ஒஃபிஸ் சர்வர் அட்ரஸ் என்னான்னு கேட்டா 192.168.1.10. வீட்டு ரவுட்டர் 192.168.1.1. அங்கயே விஷயம் முடிஞ்சிருச்சு. லெப்டொப்புக்கு 192.168.1ன்னு ஆரம்பிக்கிறதெல்லாம் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு நெனப்பு, விபிஎன்ல அனுப்பாம வீட்டுக்குள்ளயே 10ஆம் நம்பரத் தேடும், அந்த வீட்டுல 10ஆம் நம்பர் ஹோல்ல இருந்த டீவி. டீவிகிட்ட போய் எக்ஸெல் ஃபைல் கேட்டா எங்க குடுக்கும்.

மாத்துறது இப்படித்தான்: ரவுட்டர்ல லேன் செட்டிங் இல்லாட்டி டிஎச்சிபிங்கிற (வீட்டுல உள்ளதுக்கெல்லாம் தானா நம்பர் குடுக்கிற) பக்கம் போங்க, ரவுட்டர் ஐபிய (அதோட அட்ரஸ) 192.168.73.1 மாதிரி யாரும் போடாத நம்பரா மாத்துங்க, கீழ டிஎச்சிபி ரேஞ்ச் தானா மாறலன்னா அதையும் 192.168.73.100ல இருந்து 200 வரைக்கும்னு போட்டு சேவ் பண்ணுங்க. சேவ் பண்ணதும் பக்கம் அப்படியே செத்து நிக்கும், பயப்படாதீங்க, அட்ரஸ் மாறிப்போச்சு அவ்வளவுதான், வைஃபைய ஒஃப் பண்ணி ஒன் பண்ணிட்டு புது நம்பர்ல போங்க. பிரிண்டர், சிசிடிவி பெட்டிக்கு கையால நம்பர் போட்டிருந்தா அதையும் மாத்தணும்.

நம்பர் மோதல் இல்லன்னா டிஎன்எஸ் (பேர ஐபியா மாத்திக் குடுக்கிறது) பாருங்க. சர்வர பேர் போட்டா தொறக்காம ஐபி போட்டா தொறந்தா அதுதான், ஒஃபிஸ் டிஎன்எஸ்ஸ விபிஎன் செட்டிங்ல போடச் சொல்லுங்க.

அடுத்தது எம்டியு, அதாவது ஒரு பெக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்ங்கிற அளவு, இதுதான் ஆளச் சுத்த விடும். லொகின் பக்கம் வரும், பிங் (பதில் வருதான்னு தட்டிப் பாக்குறது) போகும், ஆனா ரிமோட் டெஸ்க்டொப் கறுப்பா நிக்கும், பெரிய ஃபைல் பாதியில நின்னுரும். சாதாரண பெக்கெட் 1500 பைட், ஃபைபர்ல பிபிபிஓஇ (யூசர் நேம் பாஸ்வேர்ட் போட்டு லைன் எடுக்கிற முறை) இருந்தா 1492, சில 4ஜி லைன்ல அதவிடக் கொறவு, அதுக்கு மேல விபிஎன் தன் உறைய வேற சுத்தும், பெருசாகி வழியில எங்கயோ விழுந்துரும். சின்ன பெக்கெட் மட்டும் தப்பிச்சுப் போகும்.

விபிஎன்ன ஒஃப் பண்ணிட்டு விண்டோஸ் கொமாண்ட் புரொம்ப்ட்ல பிங், -எஃப், -எல் 1472, 8.8.8.8ன்னு கொமா இல்லாம ஒவ்வொண்ணுக்கும் எடம் விட்டு அடிங்க, எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல. உடைக்கணும்ங்கிற மாதிரி எரரோ டைம் அவுட்டோ வந்தா 10 10ஆ கொறச்சுக்கிட்டே வாங்க. போற பெரிய நம்பரோட 28 கூட்டினா அதுதான் உங்க லைன் எம்டியு. 1432 போச்சுன்னா 1460. வயர்காட்னா அதுல இன்னும் 80 கழிச்சு 1380ன்னு கொன்ஃபிக்ல (செட்டிங் ஃபைல்ல) போடுங்க. கணக்கெல்லாம் வேணாம்னா 1280 போட்டுப் பாருங்க, பெரும்பாலும் ஓடிரும், கொஞ்சம் வேகம் கொறையும்.

நடுவுல அறுந்துபோனா

கொஞ்ச நேரம் டீ குடிக்கப் போய்ட்டு வந்தா விபிஎன் செத்திருக்குன்னா ரவுட்டர் தன் கணக்குப் புத்தகத்துல இருந்து உங்க வரிய அழிச்சிருச்சு, யுடிபிய சில ரவுட்டர் 30 செக்கன்லயே மறந்துரும். வயர்காட்ல பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25ன்னு போட்டா 25 செக்கனுக்கு ஒருதடவ தட்டிக்கிட்டே இருக்கும்.

4ஜி வீடுன்னா ரவுட்டர் டவர் மாத்தி மாத்திப் பிடிக்கிறதும், லைன் அறுந்து வர்றப்போ வெளி ஐபி மாறுறதும் உண்டு. வயர்காட்டும் ஐகேஇவி2வும் இத பெரும்பாலும் தாங்கும். நம்ம ஆளுங்க உடனே மிஸ்ட் எறங்குனதால சிக்னல் போச்சும்பாங்க, 4ஜி அலைய மிஸ்ட் ஒண்ணும் பெருசா பண்ணாது, நடுவுல நிக்கிற மலையும் நனைஞ்ச மரமும்தான் பண்ணும், ரவுட்டர தகரத்துக்கு அடியில அலுமாரி மேல வைக்காம டவர் பக்கத்து ஜன்னல்ல வச்சுப் பாருங்க. இடி மின்னல் வர்றதுக்கு முன்னயே ஆண்டெனா வயரோடயே கழட்டிருங்க, வேல கொஞ்ச நேரம் நின்னாலும் பரவால்ல.

வெளிய இருந்து வீட்டுக்கு வரணும்னா

வீட்டு சிசிடிவிய கொழும்புல இருந்து பாக்க வீட்டுலயே விபிஎன் சர்வர் வைக்கிறவங்க, போர்ட் ஃபோவர்ட் (வெளிய இருந்து ஒரு போர்ட்டுக்கு வர்றத உள்ள ஒரு மெஷினுக்கு அனுப்பச் சொல்றது) பண்றதுக்கு முன்ன ரவுட்டர் ஸ்டேட்டஸ்ல வேன் ஐபியப் (ரவுட்டரோட வெளி அட்ரஸ) பாருங்க, 10ன்னோ 192.168ன்னோ 100.64ல இருந்து 100.127க்குள்ளயோ ஆரம்பிச்சா கம்பனிக்காரன் உங்களுக்கு மேல இன்னொரு நேட் வச்சிருக்கான், நீங்க எத்தன போர்ட் தொறந்தாலும் வெளிக்கதவு அவன்கிட்ட. காசு கட்டி பப்ளிக் ஐபி கெடைக்குமான்னு கேளுங்க, இல்லாட்டி டெயில்ஸ்கேல் மாதிரி ரெண்டு பக்கமும் உள்ள இருந்து வெளிய போய்ப் பிடிச்சுக்கிற ஒண்ணப் போடுங்க.

இவ்வளவும் பாத்தும் ஆகலன்னா ஐடி ஆளுக்கு இப்படி அனுப்புங்க: "அண்ணா, வீட்டு ஃபைபர்ல கனெக்ட் ஆகல, வேற சிம் ஹொட்ஸ்பொட்ல ஆகுது, வயர்காட், ரிசீவ்ட் 0, வீட்டு ரேஞ்ச் 192.168.73, எம்டியு 1460." கூடவே எரர் வந்த ஸ்க்ரீன்ஷொட். கொன்ஃபிக் ஃபைல மட்டும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து குரூப்ல போட்டுராதீங்க, உங்க பிரைவேட் கீ (ரகசிய சாவி) அதுக்குள்ளதான் இருக்கு.