நெஸ் ஏரியில் நெஸ்ஸியைத் தேடுவது எப்படி?

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்குத் தென்மேற்கில், ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் நெஸ் ஏரிக்கு, அதில் வாழ்வதாகக் கதைகள் சொல்லும் பெரிய விலங்கான நெஸ்ஸியைத் தேடிப் போகிறவர்கள், அந்த விலங்கைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் அந்த நீரைப் பற்றிப் படிக்க வேண்டும். ஏரியின் ஆழம் சில இடங்களில் 220 மீட்டரைத் தாண்டுகிறது. சுற்றியுள்ள மேடுகளிலிருந்து மட்கிய தாவரச் சேறு கரைந்து வருவதால், நீர் பால் கலக்காத தேநீரைப் போலக் கறுத்திருக்கும். சில மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது. எனவே தனியாகப் போகிறவர் ஏரியின் மேற்பரப்பைப் பார்க்கப் பழகுவதே நல்லது.

ஏரியை நெடுகப் பார்க்க வடகிழக்கு முனையிலுள்ள டோர்ஸ் கரையும், குறுக்காகப் பார்க்க மேற்குக் கரையிலுள்ள அர்குவார்ட் கோட்டைப் பக்கமும் பொருத்தமானவை. முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடந்து செல்லும் ஒவ்வொரு படகின் நேரத்தையும் திசையையும் மட்டும் எழுதுங்கள். இது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் இதைவிடப் பயன்தரும் பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. காற்றில்லாத நேரத்தில் ஒரு படகு நடு ஏரியில் போனால், அது கிளப்பிய அலைகள் இருபுறமும் விரிந்து, செங்குத்தான கரைகளில் மோதித் திரும்பி, மறுபடியும் நடுவில் வந்து சந்திக்கும். அந்த இடத்தில் மூன்று, நான்கு கரிய திமில்கள் வரிசையாக எழுந்து நகர்வது போலிருக்கும். அப்போது படகு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருக்கும். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் அந்தத் திமில்களின் காரணம் நேரத்தோடு அதிலேயே இருக்கும்.

அடுத்தது அளவு. கையை முழுவதும் நீட்டிச் சுண்டு விரலை உயர்த்தினால், அதன் அகலம் ஏறத்தாழ ஒரு பாகையை மறைக்கும். அதாவது ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 17 மீட்டர். பாதி விரலை நிரப்பும் ஓர் உருவம் ஒரு கிலோமீட்டரில் இருந்தால் அது 8 மீட்டருக்கும் மேற்பட்ட பெரிய பொருள். 200 மீட்டரில் இருந்தால் இரண்டு மீட்டர்கூட இல்லை, அது நீந்தும் மானாகவோ வரிசையாகச் செல்லும் நீர்ப்பறவைகளாகவோ இருக்கலாம். தொலைவு தெரியாமல் நீளம் சொல்லக்கூடாது. படம் எடுக்கும்போது எதிர்க்கரையோ ஒரு படகோ படச்சட்டத்துக்குள் இருக்கட்டும்; உடனே பெரிதாக்கிவிட வேண்டாம். 1934-இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் வந்து உலகெங்கும் பரவிய, நெஸ்ஸியுடையது எனப்பட்ட அந்த நீண்ட கழுத்துப் படம், ஓரங்கள் வெட்டப்பட்டதால்தான் அத்தனை பெரியதாகத் தெரிந்தது. பொம்மை நீர்மூழ்கியின் மேல் பொருத்திய தலை அது என்ற உண்மை வெளியே வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படகில் சோனாருடன் (ஒலியை நீருக்குள் அனுப்பி, எதிரொலியைக் கொண்டு அங்குள்ளதை அறியும் கருவி) போகிறவர்கள், ஓர் எதிரொலி கிடைத்ததும் திரும்பி வந்து அதே இடத்தை மீண்டும் கடக்க வேண்டும். கரைச் சுவர்களும், குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் அடுக்கும் பொய்யான எதிரொலிகளைத் தரக்கூடியவை. 1987-இல் படகுகள் வரிசையாக அணிவகுத்து ஏரியைத் துழாவியபோது கிடைத்த, விளக்க முடியாத சில எதிரொலிகள் இன்றும் பேசப்படுகின்றன. மறுபடியும் பிடிபடாத எதிரொலியை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

பழங்கதையையும் மூலத்தோடு படியுங்கள். அயர்லாந்துத் துறவி புனித கொலம்பா விரட்டியதாக 7-ஆம் நூற்றாண்டு நூல் சொல்லும் நீர்விலங்கு நெஸ் ஆற்றில் இருந்தது, ஏரியில் அல்ல. இன்றைய கதை 1933 மே மாதத்தில் இன்வர்னஸ் செய்தித்தாளில் வந்த ஒரு செய்தியிலிருந்து பரவியது. 2018-இல் ஏரி நீரின் மாதிரிகளை எடுத்து அதில் மிதந்த மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், ஊர்வன எதன் தடயத்தையும் காணவில்லை. விலாங்கு மீனின் மரபணுவோ ஏராளமாக இருந்தது. ஆகவே கரையில் நிற்கும்போது பெரிய விலாங்கையும் மனத்தில் வைத்திருங்கள்.

எதையேனும் கண்டால், உடன் இருப்பவரிடம் பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியே எழுதி, வரைந்து, நேரத்தைக் குறித்துவிடுங்கள். பிறகு படகுக் குறிப்புகளோடு ஒப்பிடுங்கள்.