மெமரி கார்டும் ரீடரும்: முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

போன மாதம் ஆரியங்காவு தாண்டி, தென்மலைக்குப் போகிற வழியில் பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே, புளியரைத் தம்பி ஒருவனோடு ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. வளைவில் என்ஜின் தலை காட்டியதுமே அவன் ஷட்டரை அழுத்திப் பிடித்தான், நாலு நொடி சரசரவென்று ஓடியது, அப்புறம் டிக்... டிக்... என்று ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்து, என்ஜின் பாலத்தின் நடுவுக்கு வந்தபோது கேமரா மொத்தமாக நின்றுபோனது. பின்பக்கத்துச் சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ரயில் போய்விட்டது.

"அண்ணா, 200 எம்பி கார்டுதானே போட்டிருக்கேன்?" என்றான்.

கார்டை வாங்கிப் பார்த்தேன். 200 என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. ஆனால் அது படிக்கும் வேகம், அதாவது கார்டிலிருந்து படங்களைக் கணினிக்கு எடுக்கும்போது நொடிக்கு எத்தனை எம்பி என்பது. கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம்.

எனக்குச் செங்கோட்டையில் ஸ்டுடியோ. முகூர்த்த மாதம் வந்தால் பாதிக் கல்யாணம் இந்தப் பக்கம், மீதி மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொட்டாரக்கரை என்று இருக்கும். மலையாளக் கல்யாணங்களில் தாலிகட்டு, மாலை மாற்றுவது, புடவை கொடுப்பது எல்லாம் பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். குரவைச் சத்தம் எழும் நேரத்தில் கேமரா நின்றால் அந்தப் படம் போனதுதான், மாப்பிள்ளையை இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த விஷயத்தை அக்கறையோடு எழுதுகிறேன். கீழே இருக்கிற வரிசையிலேயே போங்கள். கடைக்குப் போவது நான்காவது படியில்தான் வரும்.

முதல் படி: கேமராவின் ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கார்டு பார்ப்பதற்கு முன்னால் கேமராவின் கையேட்டைத் திறந்து, எந்தக் கார்டு ஏற்கும் என்ற பக்கத்தைப் படியுங்கள். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது எஸ்டி கார்டு போடுகிற கேமரா. அதிலேயே இரண்டு வகை: யுஎச்எஸ் ஒன்று, யுஎச்எஸ் இரண்டு. ஒன்று என்றால் அதிகபட்சம் நொடிக்கு 104 எம்பி போகும், இரண்டு என்றால் 312 வரை. இது ஸ்லாட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் பாதையின் அகலம் மட்டும்தான். கார்டு அந்த வேகத்தில் எழுதும் என்ற உத்தரவாதம் இல்லை.

கார்டைத் திருப்பிப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒற்றை வரிசையில் பித்தளை நிறப் பட்டைகள் இருந்தால் ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு வரிசை சின்னப் பட்டைகள் இருந்தால் இரண்டு. இரண்டாம் வகைக் கார்டை முதல் வகைக் கேமராவில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் அந்தக் கீழ் வரிசையைத் தொட உள்ளே ஒன்றும் இருக்காது, பழைய வேகம்தான் வரும். கொடுத்த கூடுதல் காசு சும்மா கிடக்கும்.

உதாரணமாக சோனி ஏ6400, நிகான் டி7500 இரண்டுமே யுஎச்எஸ் ஒன்றுதான். கேனான் ஆர்6 கேமராவின் இரண்டு ஸ்லாட்டும் யுஎச்எஸ் இரண்டு. சோனி ஏ7 மூன்றில் கதை வேறு, முதல் ஸ்லாட் மட்டும் இரண்டாம் வகை, அடுத்தது முதல் வகை, தெரியாமல் நல்ல கார்டை மெதுவான ஸ்லாட்டில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேனான் ஆர்5, நிகான் இசட்9 மாதிரி பெரிய கேமராக்கள் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி என்ற வேறு வகைக் கார்டு கேட்கும், சோனியின் சில கேமராக்கள் டைப் ஏ ஏற்கும். அளவே வேறு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது.

இரண்டாவது படி: கேமரா ஏன் நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பந்தியில் இடம் காலியாகிற வேகத்தில்தான் உள்ளே விட முடியும், மீதிப் பேர் வெளியே நாற்காலியில் காத்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகள்தான் கேமராவுக்குள் இருக்கிற பஃபர். பந்தி கார்டு. நாற்காலியும் நிறைந்துவிட்டால் வாசலிலேயே நிறுத்தத்தான் வேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா படம், அதாவது கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படம், சுமார் 25 எம்பி வரும். நொடிக்கு 10 படம் எடுத்தால் நொடிக்கு 250 எம்பி. தம்பியின் கார்டு எழுதுவது அதிகபட்சம் 90. மீதி 160 ஒவ்வொரு நொடியும் நாற்காலியில் போய் உட்காருகிறது. நாலு நொடியில் நிறைந்ததில் ஆச்சரியமே இல்லை.

அவன் கேமரா யுஎச்எஸ் ஒன்று என்பதால் இதைவிட வேகமான கார்டு வாங்கியும் பயன் இல்லை. அதைத்தான் அவனிடம் சொன்னேன். புதுக் கார்டு வேண்டாம், ராவோடு ஜேபெக்கும் சேர்த்து எடுக்கிற பழக்கத்தை விடு, கேமராவில் சுருக்கிய ரா இருந்தால் அதைப் போடு, என்ஜின் பாலத்துக்கு வந்த பிறகு அரை நொடி அரை நொடியாக விட்டு விட்டு அழுத்து. அடுத்த ஞாயிறு அவன் அனுப்பிய படத்தில் என்ஜின் சரியாக நடுக்கண்ணுக்கு மேலே நிற்கிறது, அதே கார்டுதான்.

மூன்றாவது படி: கார்டின் முகத்தைப் படியுங்கள்

ஒரு கார்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தபால்தலை அளவு இடத்தில் ஏழெட்டுக் குறி இருக்கும், பெரிதாக இருப்பதை விட்டுவிட்டுச் சின்னதைத் தேடுங்கள்.

சி என்ற எழுத்துக்குள் 10 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். யு என்ற எழுத்துக்குள் 1 இருந்தால் அதுவும் 10தான், 3 இருந்தால் 30. வி30, வி60, வி90 என்று இருந்தால் முறையே 30, 60, 90. இவையெல்லாம் குறைந்தபட்ச வேகம், அதாவது கார்டு இதற்குக் கீழே இறங்காது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் வாக்கு. வீடியோ எடுக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் வீடியோ நடுவில் காத்திருக்காது. ரோமன் ஒன்று அல்லது இரண்டு தனியாகப் போட்டிருப்பது முதல் படியில் சொன்ன யுஎச்எஸ் வகை.

ஏ1, ஏ2 என்ற குறி ஃபோனில் ஆப் ஓட்டுகிறவர்களுக்கானது. கேமராவுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சில கார்டுகளில் 633எக்ஸ், 1000எக்ஸ் என்று போட்டிருக்கும். அது பழைய சிடி காலத்துக் கணக்கு, ஒரு எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி, ஆக 633எக்ஸ் என்றால் 95 எம்பி. அதுவும் பெரும்பாலும் படிக்கும் வேகம்தான்.

எழுதும் வேகத்தைச் சில கம்பெனிகள் கார்டின் மேலேயே போடுகின்றன, சில அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில், சில இணையதளத்தில் மட்டும். இன்னொன்று, ஒரே பெயருள்ள கார்டிலேயே 64 ஜிபிக்கும் 256 ஜிபிக்கும் எழுதும் வேகம் மாறலாம். அதனால் நீங்கள் வாங்கப் போகிற அதே அளவுக்கு என்ன வேகம் என்று பாருங்கள்.

வீடியோவுக்கு எது போதும் என்று கேட்பீர்கள். கேமரா மெனுவில் 100 எம்பிபிஎஸ் என்று இருப்பதைப் பார்த்து, நொடிக்கு 100 எம்பி எழுதும் கார்டு வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது மெகாபிட். எட்டால் வகுங்கள். 100 மெகாபிட் என்றால் 12.5 எம்பிதான், வி30 தாராளம். 400 மெகாபிட்டில் எடுத்தால் 50 எம்பி வரும், அப்போது வி60 வேண்டும். கேமரா கையேடு குறிப்பிட்டு ஒரு வகுப்பைக் கேட்டால் மட்டும் இந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு அது சொல்வதையே வாங்குங்கள்.

நான்காவது படி: கடைக்குப் போங்கள், வீட்டுக்கு வந்து சோதியுங்கள்

எவ்வளவு ஜிபி? ஒரு 128ஐ விட இரண்டு 64 என்பதுதான் என் பக்கம். ஒன்று போனாலும் பாதி நாளாவது மிஞ்சும். கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வையுங்கள், கல்யாணத்துக்கு நான் வேறு மாதிரி எடுப்பதே இல்லை. ஆனால் அப்போது இரண்டில் மெதுவான கார்டின் வேகம்தான் மொத்தத்துக்கும் வரும், ஆகவே ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள்.

போலிக் கார்டு பற்றி. சில வருடங்களுக்கு முன்னால் அவசரத்துக்கு ஒரு கடையில், வழக்கமான விலையில் பாதிக்கு, 128 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். அட்டை, எழுத்து, நிறம் எல்லாம் அச்சு அசல். புனலூர்க் கல்யாணம், வரவேற்பு வரைக்கும் எடுத்தேன், கேமரா ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. ராத்திரி வந்து திறந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் படங்கள் பாதி முகத்தோடு நிற்கின்றன, கீழே வெறும் சாம்பல் நிறம், அதற்கு அப்புறம் திறக்கவே இல்லை. உள்ளே இருந்தது சின்னச் சில்லு, வெளியே 128 என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்ன நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால் எந்தக் கடையில் வாங்கினாலும், என்ன விலை கொடுத்தாலும், முதல் வேலையாகச் சோதித்துவிடுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. காலிக் கார்டைச் செருகி, முழு இடத்தையும் எழுதித் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். பிழை இல்லை என்று வந்தால் அளவு உண்மை. எழுதிய வேகமும் அதிலேயே தெரியும், ஆனால் அதை நம்ப ரீடர் நன்றாக இருக்க வேண்டும். 64 ஜிபி கார்டு கணினியில் 59 சொச்சம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், எண்ணும் முறை வேறு, கார்டு சரியாகத்தான் இருக்கிறது.

ஐந்தாவது படி: ரீடர்

கார்டைச் செருகிப் படங்களைக் கணினியில் இறக்கும் சின்னக் கருவிதான் ரீடர். கார்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ரீடருக்கு நூறு ரூபாயில் முடிக்கப் பார்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி போனால் பெரிது. நிறைந்த 64 ஜிபி கார்டை அதில் இறக்க அரை மணி நேரம் ஆகும். அதே கார்டை யுஎஸ்பி 3.0 ரீடரில் 90 எம்பி வேகத்தில் இறக்கினால் 12 நிமிடம். யுஎச்எஸ் இரண்டு கார்டும் அதே வகை ரீடரும் இருந்து 250 வந்தால் நாலு நிமிடம் சொச்சம். ராத்திரி பதினோரு மணிக்குப் புனலூரிலிருந்து மலை இறங்கி வந்து, நாலு கார்டு இறக்க வேண்டும் என்றால் இந்த வித்தியாசம் தூக்கத்தில் தெரியும்.

ரீடர் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, செருகுகிற துளையும் பார்க்க வேண்டும். பல லேப்டாப்களில் யுஎஸ்பி 3 துளைக்குள் நாக்கு நீல நிறத்தில் இருக்கும் அல்லது பக்கத்தில் எஸ்எஸ் என்று போட்டிருக்கும். டைப் சி வடிவம் என்பதாலேயே வேகம் என்று அர்த்தம் இல்லை, அது துளையின் உருவம் மட்டும், உள்ளே 2.0 ஓடுகிற டைப் சியும் உண்டு. ஒரு துளையைப் பல துளையாக்கும் பழைய ஹப் ஒன்றை நடுவில் போட்டாலும் அதன் வேகம்தான். இறக்குகிற இடம் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அது எழுதுவதே சுமார் 100 எம்பிக்குள் இருக்கும், அப்போது 250 ரீடர் வாங்கியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

தம்பியின் 200 எம்பி கார்டுக்கு வருவோம். யுஎச்எஸ் ஒன்றின் எல்லை 104 என்றேனே, 200 எங்கிருந்து வந்தது? சில கம்பெனிகள் அந்த எல்லையைத் தாண்டிப் படிக்கத் தனி வழி வைத்திருக்கின்றன, அதை அறிந்த ரீடரில் போட்டால்தான் அந்த வேகம், பெரும்பாலும் அதே கம்பெனி ரீடர். சாதாரண ரீடரில் 90 சொச்சம்தான் வரும். கார்டு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம்.

மிகப் பழைய ரீடர்கள் 32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டைப் புரிந்துகொள்ளாது. செருகியதும் கணினி "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ரீடரில் போடுங்கள், படம் எல்லாம் அப்படியே இருக்கும்.

கடைசியாக, தினமும் செய்வது

ஃபார்மேட்டை எப்போதும் கேமராவிலேயே செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கார்டையும் பேட்டரியையும் தொடாதீர்கள். தவறி அழித்துவிட்டால் அந்த நிமிடமே கார்டை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், மேலே வேறு எதுவும் எழுதாத வரை ஃபோட்டோரெக் மாதிரி இலவச மென்பொருளில் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு; "இன்னும் நாலு படம்தானே" என்று தொடர்ந்து எடுத்தால் அந்த நாலு படம் எதன் மேல் போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊர்ச் சாரலில் சட்டைப்பையில் கார்டு போடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ரப்பர் விளிம்பு உள்ள சின்னப் பெட்டி வாங்குங்கள். காலிக் கார்டை அதில் முகம் மேலே இருக்கும்படி வைப்பேன், எடுத்து முடித்ததைக் கவிழ்த்து வைப்பேன், மண்டப இருட்டில் தடவிப் பார்த்தாலே பட்டை விரலில் தட்டும். கவிழ்ந்த கார்டு இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏறி, இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் திரும்ப நிமிரும்.