கோணல் படங்களைப் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, நண்பர்களும் நானும் மாதம் ஒரு படம் திரையிட்டு வருகிறோம். பெரும்பாலும் சிறிய சுயாதீனப் படங்கள். அவற்றிலும் சிரிப்பும் துயரமும் பின்னிக் கிடக்கும் கோணலான படங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. இவற்றைப் பார்த்துவிட்டு, “காமெடியும் இல்ல, சென்டிமென்டும் இல்ல” என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் உண்டு. படம் முடிந்த பிறகும் பாயைச் சுருட்ட மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. எழுந்து போகிறவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படத்தின் முன் உட்காரும் விதத்திலேயே சில தவறுகள் நேர்ந்துவிடுகின்றன. அவற்றில் பலவற்றை நானும் செய்திருக்கிறேன்.

நகைச்சுவைக் காட்சி எப்போது வரும் என்று காத்திருப்பது முதல் தவறு. தமிழ்ப் படங்களில் நகைச்சுவை நெடுங்காலமாகத் தனிக்குடித்தனம் நடத்தி வந்தது. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்து கவுண்டமணி, செந்தில் காலம் வரை, கதை ஒருபுறம் ஓட, நகைச்சுவைப் பகுதி தனியாக எழுதப்பட்டு இடையிடையே சேர்க்கப்படுவது பரவலான வழக்கம். அதை மட்டும் வெட்டியெடுத்துத் தொலைக்காட்சியில் போட்டாலும் குறைவின்றிச் சிரிக்கலாம். மடோன் அஸ்வின் இயக்கிய ‘மண்டேலா’ (2021) படத்தில் அப்படி வெட்ட முடியாது. இரு சாதியினர் சரிசமமாக நிற்கும் ஊரில், உள்ளாட்சித் தேர்தலின் முடிவு ஒரு முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டில் தொங்குகிறது; அதுவரை ஒழுங்காகப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர்கள், வரிசையில் வந்து அவரைக் கொஞ்சுகிறார்கள். அந்தச் சிரிப்பை வெட்டியெடுக்கப் போனால் சாதியும் சதையோடு சேர்ந்து வந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, கிறுக்குத்தனம்தான் இந்தப் படங்களின் கவர்ச்சி என்று நம்புவது. பார்வையாளர்கள் மட்டுமல்ல, குறும்படம் எடுக்கும் நம் பகுதிப் பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள்: நாயகனுக்கு ஒரு விசித்திரத் தொப்பி, ஒரு விசித்திர நடை, சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு பழைய பாட்டு, அவ்வளவு போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில், நம்மைச் சிரிக்க வைக்கும் மனிதர் தன்னை ஒரு வேடிக்கையாக ஒருபோதும் நினைப்பதில்லை. அவருக்கு அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022) படத்தில், மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் சிக்கிய முதியவருக்கு வழக்கைப் பற்றிய கவலையே இல்லை. பயிருக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதுதான் அவர் கவலை. கடைசியில் அந்த வேலை ஒரு காவலர் தலையில் விழுகிறது. சட்டத்தின் அவசரமும் பயிரின் அவசரமும் மோதுகிற இடத்தில் சிரிப்பு பிறக்கிறதே தவிர, யாரும் கோமாளித்தனம் செய்யவில்லை.

எங்கள் மாடியில் இதை நேராகக் கண்டது ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ (2006) திரையிட்ட இரவில்தான். சிறுமியை ஓர் அழகிப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தின் மஞ்சள் வேனில் கிளட்ச் போய்விடுகிறது. எல்லோரும் சேர்ந்து தள்ளி, வண்டி வேகம் பிடித்ததும் ஒருவர் பின் ஒருவராக ஓடி ஏறிக்கொள்ள வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஆட்டோ தள்ளிப் பழகியவர்கள் நிறைந்த மாடி. சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு வழியிலேயே தாத்தா இறந்துவிடுகிறார். மருத்துவமனையின் நடைமுறைகளுக்குக் காத்திருந்தால் போட்டிக்குப் போய்ச் சேர முடியாது என்று, உடலைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியாக இறக்கி, வேனில் ஏற்றுகிறார்கள். அப்போது சிரித்தவர்களில் சிலர், சிரித்ததற்காகத் தங்களையே கடிந்துகொள்வதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பொத்தத் தேவையில்லை என்பது என் கருத்து. சாவு வீட்டில் விடிய விடிய மரணகானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன? இறந்தவரின் பெருமைகளைப் பாடிக்கொண்டே வருகிறவர், அவர் வாங்கிய கைமாத்தைத் திருப்பித் தராத கதையையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுவார். அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானைக்குள் சிரித்துவிட்டு, அடுத்த வரியில் மீண்டும் அழுவார்கள். செத்தவரைக் கேலி செய்துவிட்டார் என்று பாடியவர் மேல் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இவ்வளவு பழக்கம் இருந்தும், திரையில் இதே கலவை வரும்போது மட்டும் ஏதோ ஒரு பக்கம் முடிவெடுத்தாக வேண்டும் என்று நாம் தவிப்பது எனக்குப் புரியாத விஷயம்.

எங்கள் வட சென்னைப் பேச்சே சிரிப்புக்குப் போதுமான சரக்கு என்று நினைப்பதும் ஒரு தவறுதான். “இன்னாபா” என்று ஒரு பாத்திரம் வாயைத் திறந்ததுமே சிரிக்கிறவர், அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் என்ன சொன்னது என்பதைக் கேட்பதே இல்லை.

சுயாதீனப் படம் என்றால் காசில்லாமல் எடுத்தது, ஆகவே குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற பரிவும் வேண்டாம். மேலே சொன்ன வேன் படத்துக்கு ஏறத்தாழ 80 லட்சம் டாலர் செலவாயிற்று. நம் ‘காக்கா முட்டை’யைத் தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும். உண்மையிலேயே கைப்பிடிக் காசில் தொடங்கிய படங்களும் பரிவைக் கேட்பதில்லை. ஜிம் ஜார்முஷின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ (1984) படத்தின் முதல் பகுதி, வேறொரு இயக்குநரிடம் மீந்துபோன பிலிமில் எடுக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு காட்சியும் ஒரே ஷாட். முடிந்ததும் திரை சில நொடிகள் கறுத்துவிடும். பேச ஒன்றும் இல்லாமல் இருவர் உட்கார்ந்திருப்பதையும், அதற்குப் பின் வரும் கறுப்பையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. கைபேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்தச் சிரிப்பு கிடைக்காது. ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லாத படம்” என்று நண்பரிடம் சொன்னவன் நான்தான்.

வேன் படம் முடிந்த இரவு, காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு ஆயா, ஜன்னல் காட்சியில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: “ஏம்பா, அந்தக் கெய்வனுக்கு ஒரு மாலகூட வாங்கிப் போடலியே?”