ராம்நாடு பக்கத்துல இருந்து குடும்பத்தோட மலேசியா: ஃப்ளைட்டும் ரயிலும் கோர்த்து பிளான் போடுறது எப்படி

டிக்கெட் போட உக்காரும்போது நம்ம ஊர்ல இருந்து ஆரம்பிக்காதீங்க, கடைசியா எங்க போய்ச் சேரணும், ஈப்போவா, பினாங்கா, இல்ல கோலாலம்பூரோட சரியா, அத முடிவு பண்ணிட்டு அங்க இருந்து பின்னாடியே எண்ணிட்டு வாங்க. நெறைய பேரு ஆஃபர் வந்துச்சுன்னு ஃப்ளைட்ட போட்டுட்டு அப்புறமாத்தான் ராம்நாட்ல இருந்து எப்படிப் போறதுன்னு யோசிக்கிறாங்க, அப்பதான் தலைவலியே.

வண்டி மாறுற ஒவ்வொரு எடத்துலயும் ஒன்னு கேட்டுக்கங்க, இது தவறுனா யாரு பொறுப்பு? ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே பிஎன்ஆர்ல இருந்து மொத ஃப்ளைட் லேட்டாயிருச்சுன்னா ஏர்லைன்ஸ்காரனே அடுத்ததுல ஏத்திவிடுவான், பெட்டிக்கும் பெரும்பாலும் கடைசி ஊருக்கே டேக் போட்டுருவாங்க. அதயே தனித்தனியா போட்டீங்கன்னா இமிக்ரேஷன் முடிச்சு பெட்டிய எடுத்து மறுபடி செக்-இன் லைன்ல நிக்கணும், தவறுனா புது டிக்கெட் காசு நம்ம தலையில. ரயிலுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல பொறுப்புன்னு யாருமே கெடையாது. நம்ம கடற்கரைக்கு இதுல ஒரு பழைய பெரும உண்டு, 1914ல பாம்பன் பாலம் தொறந்ததுக்கப்புறம் எழும்பூர்ல ஏறுனா தனுஷ்கோடி வரைக்கும் போட் மெயிலு, அங்கிட்டு தலைமன்னாருக்குக் கப்பலு, மறுபடி கொழும்புக்கு ரயிலு, எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டு, 1964 புயல் வந்து அத முடிச்சு வச்சிருச்சு. இப்ப அப்படி யாரும் நமக்குக் கோர்த்துத் தர்றதில்ல, நடுவுல நேரத்த நாமளேதான் விடணும்.

எந்த ஏர்போர்ட்டு? மதுரைதான் பக்கம், ஆனா கோலாலம்பூர்னா எனக்கு திருச்சிதான் வசதி, நேரடி ஃப்ளைட் இருக்கு. ரோட்டுல தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியா போனா சுமாரா நாலு மணி நேரம், ஏர்போர்ட்டு அந்தப் புதுக்கோட்டை ரோட்டு மேலயே ஊருக்கு முன்னாடி வந்துரும், அதனால பஸ்ல போறவங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வராதீங்க, முன்னாடியே எறங்கிக்கங்க. ரயிலும் இருக்கு, ஆனா ராமேஸ்வரத்துல இருந்து வர்ற வண்டி பாம்பன்ல காத்து பலமா அடிச்சா நிப்பாட்டிருவாங்க, ஐப்பசி கார்த்திகையில புயல் சின்னம்னு நியூஸ் வந்தா ரயில நம்பாம கார் பேசிருங்க.

சென்னைல இருந்து ஃப்ளைட்னா சேது எக்ஸ்பிரஸ், போட் மெயிலு ரெண்டுமே ராத்திரி வண்டி, எழும்பூர் வரைக்கும் போகாம தாம்பரத்துலயே எறங்கி லோக்கல் ட்ரெயின் புடிச்சா நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதுத்தாப்புலயே ஏர்போர்ட்டு. பெட்டி அஞ்சாறு இருந்தா லோக்கல் வேணாம், டாக்ஸி. காலைல எறங்கி அன்னைக்கே காலை ஃப்ளைட்ட புடிக்கிற மாதிரி மட்டும் போடாதீங்க, சாயங்காலமோ ராத்திரியோ போற ஃப்ளைட்டா பாருங்க. முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி தொறக்கும், லீவு சீசன்னா அன்னைக்கே போட்டுருங்க, வெயிட்டிங் லிஸ்ட்ட நம்பி வெளிநாட்டுப் பயணம் வேணாம்.

இப்ப தேதி விஷயம், இதுலதான் ஏமாறுறது அதிகம். டிக்கெட்ல 15ஆம் தேதி 12.20 ஏ.எம்.னு இருக்குன்னு வைங்க, அது 14ஆம் தேதி ராத்திரி. மூணு மணி நேரம் முன்னாடின்னா 14ஆம் தேதி ராத்திரி 9 மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும், ரோட்டுக்கு நாலு மணி நேரம், டீ, டயர் பஞ்சர், பெரியவங்களுக்கு பாத்ரூம்னு ஒரு மணி நேரம், ஆக 14ஆம் தேதி சாயங்காலம் 4 மணிக்கு வீட்டுல இருந்து வண்டி கெளம்பணும். லீவு சொல்றது, டிரைவருக்குச் சொல்றது எல்லாம் 14தான்.

கோலாலம்பூர்ல எறங்குறப்ப நம்ம கடிகாரத்தோட ரெண்டரை மணி நேரம் கூட்டிக்கங்க. நாலு மணி நேரப் பறப்புன்னா காலைல 7 மணி வாக்குல எறங்குவீங்க. இமிக்ரேஷன் கூட்டம், பெட்டி எல்லாம் முடிஞ்சு வெளிய வர எட்டரை ஆயிரும். ஏர்போர்ட்ல ரெண்டு டெர்மினல், ஏர்ஏசியா டெர்மினல் 2. அங்க இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு, அதாவது கோலாலம்பூர் ஊருக்குள்ள இருக்க பெரிய ரயில் ஸ்டேஷனுக்கு, எக்ஸ்பிரஸ் ரயில் 33 நிமிஷம், பெரியவங்களுக்கு ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட், நாலு பேர்னா 220, அதுக்கு கிராப்ல (நம்ம ஊரு ஓலா, உபர் மாதிரி டாக்ஸி ஆப்) பெரிய கார் புடிச்சா கம்மியா முடியும், வேகம் வேணும்னாதான் ரயிலு. மலாக்கா போறவங்களுக்கு சென்ட்ரலே தேவையில்ல, அதே ஏர்போர்ட்ல இருந்து நடுவுல நின்னு நின்னு போற டிரான்சிட் ரயில்ல பண்டார் தாசிக் செலாத்தான்ல எறங்குனா பஸ் ஸ்டாண்டு அங்கயே.

பினாங்குக்கு கேஎல் சென்ட்ரல்ல இருந்து ஈடிஎஸ் ரயில், பட்டர்வொர்த்ல எறங்கி ஃபெர்ரி. மேல சொன்ன கணக்குப்படி 11 மணிக்கு முன்னாடி ஈடிஎஸ் போடாதீங்க, நேரமாச்சுன்னா கேட்ட மூடிருவாங்க, நம்ம ஊரு மாதிரி ஓடிப்போய்த் தொத்திக்க முடியாது. ஸ்கூல் லீவு நாள்ல அந்த ரயில் சீக்கிரம் ஃபுல்லாயிரும், ஃப்ளைட் போட்ட கையோட அதையும் பாருங்க.

மலேசியாவுக்குள்ள நுழைய ஆன்லைன்ல நிரப்புற டிஜிட்டல் அரைவல் கார்டு எறங்குறதுக்கு முந்துன மூணு நாளுக்குள்ள போடணும், புள்ளைங்களுக்கும் தனித்தனியா, அதுக்குக் காசு கெடையாது, காசு கேட்டா அது வேற சைட்டு. விசா விதி மாறிக்கிட்டே இருக்கும், கெளம்புற மாசம் ஒருக்கா பாத்துக்கங்க. பவர்பேங்க் கைப்பையில, கருவாடு கொண்டுபோறதா இருந்தா கஸ்டம்ஸ்ல விடுவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுக்கங்க.

திரும்பி வர்றப்ப ராத்திரி 11 மணிக்குத் திருச்சில எறங்கி அதுக்கப்புறம் ரயில்னு புள்ளைங்கள இழுத்தடிக்காதீங்க, ஒன்னு கார், இல்ல ஒரு ரூம் போட்டுட்டு காலைல. கார் சொல்லும்போது டிரைவர்கிட்ட ஃப்ளைட் நம்பரையும் தேதியையும் சேத்து வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, லேட்டானா அவரே பாத்துட்டு கெளம்பிக்குவாரு.